காலஞ்சென்ற தாத்தாவும் ஒரு பெட்டி கல்யாணப் பத்திரிகையும்

நாற்பத்திரண்டு வயது முடிவதற்குள் செத்துப்போய்விடுவோம் என்று என் தம்பி திடமாக நம்பினான். சாமிமேல்கூட அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. கலிபோர்னியாவில் சான் ரமோனில் வீடு, நல்ல வேலை, மனைவி, ஒன்பது வயதில் ஒரு மகள் என்று சகலமும் இருந்தும் பையன் மூன்று இடத்தில் இன்ஷூரன்ஸ் எடுத்தான், உயில் எழுதினான், வீட்டிலுள்ள அத்தனை பாஸ்வேர்டையும் ஒரு எக்ஸெல் ஷீட்டில் ஏற்றி, அதற்கு ‘இன் கேஸ்’ என்று பெயர் வைத்து எனக்கும் அனுப்பினான். திறந்து பார்த்தேன். கடைசி வரியில், கறிவேப்பிலைச் செடிக்கு எப்போதெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. சாகப்போகிறவனுக்கு எவ்வளவு பொறுப்பு பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் தாத்தா, அப்பாவைப் பெற்றவர். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்: நாற்பத்திரண்டு வயதில் நெஞ்சு வலியில் போய்விட்டார். படம் கிடையாது, கதை கிடையாது. மனுஷர் காபி குடிப்பாரா டீ குடிப்பாரா என்றுகூட ஒருவரும் சொன்னதில்லை. அந்த ஒற்றை வாக்கியத்தைத்தான் என் தம்பி கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

“அப்பாவுக்கு எழுபத்தெட்டு ஆகுதுடா. தினம் பார்க்கைச் சுத்திட்டு வந்து அஞ்சு வடை சாப்பிடறார். அவருக்கு ஒண்ணும் வரலையே?” என்று கேட்டால், “அது ஒரு ஜெனரேஷன் ஸ்கிப் பண்ணும்க்கா. நான் ரிசர்ச் பண்ணிட்டேன்” என்பான். அவன் ரிசர்ச் பண்ணும் லட்சணம் எனக்குத் தெரியாதா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அதுவரைக்கும் எனக்கு இது வேடிக்கைதான். ஆனால் அவன் வீட்டுக்குப் பின்னாலேயே புல்மலைகள் இருக்கின்றன. மகளுடைய வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் சனிக்கிழமையானால் அப்பாக்களோடு ஏறி இறங்குகிறார்கள். இவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். ஒருநாள் வீடியோ காலில் நானே, “நீ ஏறலையாடி?” என்று கேட்டதற்கு, “அப்பா டஸின்ட் டூ ஹில்ஸ்” என்று ஏதோ அலர்ஜியைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கே தம்பி மனைவி தனியாகக் கூப்பிட்டாள். “அண்ணி, இவர் உயிரோட இருக்கும்போதே நான் தனியா இருக்கேன். சம்மருக்கு ஒரு டிக்கெட் புக் பண்ண விடமாட்டேங்கறார். ‘பாக்கலாம், இருந்தா பாக்கலாம்’கறார்” என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.  எனக்கு அவனை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

அந்த வாரம் அவனுடைய ஹார்ட் டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, எதிலும் குறையில்லை என்றாராம். ஆனால், “தாத்தா இளவயதில் இதயநோயில் இறந்தது உறுதிதானா?” என்றும் கேட்டிருக்கிறார். தம்பி உடனே என்னைக் கூப்பிட்டான். ஏனென்றால் அம்மா போன பிறகு அப்பா வருஷத்தில் பாதி நாள் டெக்ஸஸில், பிளானோவில் என் வீட்டில்தான். “அப்பாகிட்ட டீடெயில்ஸ் வாங்குக்கா. எனக்கு நாப்பத்திரண்டாவது பர்த்டேக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு” என்றான். அடுத்தவன் கேக் ஆர்டர் பண்ணுகிற நேரத்தில் இவனுக்கு இந்தக் கவலை.

எங்கள் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். யார் வீட்டை விட்டுக் கிளம்பினாலும், “போய்ச் சேர்ந்ததும் சொல்லு” என்பார். ஊருக்குப் போகிறவர்களிடம் எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். இவர் இந்தியன் ஸ்டோருக்குக் கொத்தமல்லி வாங்கப் போனாலும் சொல்வார். டோல்வேயில் ஏறி லெகஸி ஏரியாவில் இருக்கும் ஆபீஸுக்கு நான் போய்ச் சேர்ந்ததும் ‘ரீச்டு’ என்று மெசேஜ் போட வேண்டும். மறந்தால் மீட்டிங் நடுவில் போன் வரும். “உங்க அப்பா ஏர்போர்ட் கன்ட்ரோல் டவர்ல இருக்கவேண்டியவர்” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் அடிப்பார். தம்பியோ அந்த மெசேஜைப் போடுவதையே நிறுத்திவிட்டான். “நான் என்ன சின்னப் பையனா?” என்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, “தாத்தா எப்படிப்பா செத்தார்?” என்றேன்.

“நெஞ்சு வலி.”

“வீட்டுலயா, ஆஸ்பத்திரியிலயா?”

“நெஞ்சு வலிம்மா. சாம்பாருக்கு இம்புட்டு வெங்காயம் போதுமா?”

அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து ஊர் ரிச்சர்ட்சனில் இருக்கும் என் அத்தைக்குப் போன் போட்டேன். அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. அவள் மகன், என் அத்தான், அங்கே யூனிவர்சிட்டியில் வேலை பார்ப்பதால் அவளும் அங்கே. “நெஞ்சு வலிட்டி. நாப்பத்திரண்டு வயசு. போயிட்டாவ” என்றாள். நான் சாப்ட்வேரில் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே வார்த்தையில், மூச்சுகூட விடாமல் சொன்னால், பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

சரி, ரெக்கார்டைத் தேடலாம் என்று கிளம்பினேன். ஆபீஸில் என் பக்கத்து சீட் அமெரிக்கப் பெண்மணிக்கு இதுதான் பொழுதுபோக்கு. அவளுடைய கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா குதிரை உதைத்துச் செத்தது வரைக்கும் சர்ச் பதிவேட்டில் இருக்கிறதாம். குதிரையின் நிறத்தையும் சொன்னாள். எனக்குப் பொறாமையில் காது புகைந்தது. நம் ஆட்களோ செத்தவர் சம்பந்தப்பட்ட காகிதம் எதுவும் வீட்டில் தங்க விடமாட்டார்கள். கருமாதிப் பத்திரிகை வந்தால் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். ஜாதகத்தை ஆற்றில் விட்டுவிடுவார்கள். இதில் தாத்தாவை எங்கே போய்த் தேடுவது?

ஆனால் நம் ஆட்கள் தூக்கிப் போடவே முடியாத காகிதம் ஒன்று உண்டு: கல்யாணப் பத்திரிகை. அதன் தலையில் பிள்ளையார் இருப்பார், மூலையில் மஞ்சள் இருக்கும். குப்பையில் போட்டால் பாவம். ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும். அத்தை ஊர் வீட்டைக் காலி பண்ணியபோது, அறுபது எழுபது வருஷத்துப் பத்திரிகைகளை ஒரு சூட்கேஸில் அடைத்து அமெரிக்காவுக்கே கொண்டுவந்துவிட்டாள். இங்கே வந்து க்ரீக் ஓடையில் விடலாம் என்று பார்த்தால், சிட்டிக்காரன் ஃபைன் போடுவான் என்று அத்தான் தடுத்துவிட்டார். அதனால் அத்தனை பிள்ளையாரும் ரிச்சர்ட்சன் வீட்டு கராஜில், கிறிஸ்துமஸ் லைட்டுகளுக்குப் பக்கத்தில், வருஷக்கணக்காகக் குந்தியிருந்தார்கள்.

நம் பத்திரிகையைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு குடும்பத்தின் எக்ஸ்ரே. யார் பேர் மேலே, யார் பேர் கீழே, எந்தச் சித்தப்பாவைச் சண்டையில் விட்டுவிட்டார்கள், எல்லாம் தெரிந்துவிடும். முக்கியமாக, செத்தவர் பேருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போட்டே ஆக வேண்டும். அதை எந்தக் கல்யாணத்திலிருந்து போட ஆரம்பிக்கிறார்கள் என்று பார்த்தால் சாவு எந்த வருஷ வாக்கில் என்று பிடித்துவிடலாம் அல்லவா? என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை அத்தை வீட்டில் போய் இறங்கினேன். ‘ரீச்டு’ என்று அப்பாவுக்கு மெசேஜும் போட்டேன்.

“பழைய பத்திரிகை டிசைன் பாக்கணும் அத்தை, பிரெண்டு பொண்ணுக்குக் கல்யாணம்” என்று ஒரு புளுகு புளுகினேன். அத்தை முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே, “பாரு, பாரு. கிழிச்சிராத, சாமி படம் இருக்கு” என்றாள்.

முதலில் கைக்கு வந்தது அத்தையின் கல்யாணப் பத்திரிகை. ரோஸ் காகிதம் பழுப்பேறியிருந்தது. ‘எனது ஜேஷ்ட குமாரத்தி’ என்று தாத்தா பேரில்தான் அடித்திருந்தார்கள். ‘காலஞ்சென்ற’ இல்லை. பிரஸ்காரன் விட்டுவிட்டான்போல என்று நினைத்தேன். எந்த ஊர் பிரஸ்ஸில்தான் பிழை இல்லை? ஆனால் அத்தைக்குக் கல்யாணம் நடக்கும்போது வயது இருபது. தாத்தா போனபோது அவளுக்குப் பன்னிரண்டு என்று அவளே பலதடவை சொல்லியிருக்கிறாள். செத்து எட்டு வருஷம் ஆன மனுஷர், ‘தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து’ என்று அழைக்கிறார்!

அடுத்து அத்தையின் பெரியப்பா மகள் ஒருத்தியின் பத்திரிகை. அதற்கும் பின்னால் வந்தது. அதிலும் கீழே ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ வரிசையில் தாத்தா சௌக்கியமாக இருந்தார். இரண்டு பிரஸ்ஸிலும் ஒரே பிழையா? கடைசியில் என் அப்பா அம்மாவின் பத்திரிகை கிடைத்தது. அதில் கொட்டை எழுத்தில் ‘காலஞ்சென்ற’.

மூன்றையும் அத்தை முன்னால் வரிசையாக வைத்தேன். “அத்தை, உங்க அப்பா செத்தது எப்போ? உங்க கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?”

அத்தை கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே இருந்தாள். “பிரஸ்காரன் தப்பு பண்ணிருப்பான்.”

“ரெண்டு பிரஸ், அத்தை.”

“நீ டிசைன் பாக்க வரல, என்ன?”

“இல்ல. என் தம்பி செத்துடுவேன்னு உக்காந்திருக்கான். அவன் பொண்ணு மலை ஏறமுடியாம நிக்கறா. சொல்லுங்க.”

அத்தை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக் காத்தவள், கடைசியில் பூசணிக்காயை எடுத்து வெளியே வைத்தாள்.

“எங்கப்பா ஒரு தினுசுட்டி. ரெண்டு நாள் யாருகிட்டயும் பேசமாட்டாவ. மூணாம் நாள் சொல்லாம கொள்ளாம எங்கயாம் போயிருவாவ. பத்து நாள் கழிச்சு, காலெல்லாம் புழுதியா வந்து நிப்பாவ. எங்க போனியன்னு கேட்டா, ‘சோத்தப் போடு’ன்னு உக்காந்திருவாவ. அம்மையும் போட்டுருவா. ஒருதடவை போனாவ, வரல. அப்பத்தான் நாப்பத்திரண்டு வயசு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னத்த? தினமும் ஒரு ஆள் சோறு எடுத்து வச்சோம். என் கல்யாணத்துக்கு வந்துருவாவன்னு நெனச்சேன். அவுக பேரைப் போட்டுல்லா பத்திரிகை அடிச்சிருக்கு, எங்கயாவது பாத்தா வரமாட்டாவளான்னு.” அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. சொல்லும்போது முகம் இருபது வயதுப் பெண் முகமாக இருந்தது. 

போனவர் பன்னிரண்டு வருஷம் வராவிட்டால், தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைத்துக் காரியம் பண்ணிவிடுவது வழக்கம். அதையும் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்குப் பெண் பார்த்தபோதுதான் மாட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் எங்கே என்று சம்பந்தி வீட்டில் கேட்பார்களே? அவசரமாகக் காரியத்தை முடித்தார்கள். எதனால் இறந்தார் என்று சபையில் கேட்டபோது, அப்பாவின் தாய்மாமா கண்ணைக்கூடச் சிமிட்டாமல், “நெஞ்சு வலி, நாப்பத்திரண்டு வயசுல” என்றாராம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். இவர்கள் ஒரே பொய்யில் முடித்துவிட்டார்கள். அந்தப் பொய்தான் கடல் தாண்டி வந்து, கலிபோர்னியாவில் ஒரு டாக்டரின் கம்ப்யூட்டரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. என் மாமனாருக்கு ஆவணி தேய்பிறையில் இன்ன திதி என்று உண்டு. எங்கள் தாத்தாவுக்கு மட்டும் வருஷாவருஷம் அப்பா ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும்தான் திதி கொடுப்பார். பின்கட்டில் இலையில் சோறு வைப்பார்; டெக்ஸஸில் காக்கா வராது, கிராக்கிள் என்று ஒரு கறுப்புக் குருவி வந்து அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு போகும். நாங்களும், தாத்தா வந்துட்டார் என்று சிரித்துக்கொண்டு சாப்பிடப் போவோம். செத்த நாள் தெரியாதவர்களுக்குத்தான் இப்படி வெறும் அமாவாசை. இத்தனை வருஷமாக இலை முன்னால் நின்ற எங்களில் ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியதா? மண்டு, மண்டு என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அத்தை வீட்டு வாசலில் காரில் உட்கார்ந்தபடியே தம்பியைக் கூப்பிட்டேன். “டேய், தாத்தா நாப்பத்திரண்டுல சாகலடா. வீட்டை விட்டுப் போயிட்டார்.”

“வாட்? அப்ப ஹார்ட்?”

“அது சம்பந்தி வீட்டுக்குச் சொன்ன ஹார்ட்.”

“அப்ப எப்பதான் செத்தார்?”

“யாருக்குத் தெரியும்? தொண்ணூறு வரைக்கும் எங்கயாவது டீ குடிச்சிட்டு இருந்திருக்கலாம்.”

 அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு நிற்கவே இல்லை. என்னாச்சோ என்று அவன் மனைவி ஓடிவந்து போனைப் பிடுங்கினாள். மறுபடி அவன் பேசியபோது அழுதுகொண்டிருந்தான். “நான் பாட்டுக்கு எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டு இருந்தேனேக்கா” என்றான். எருமை, எருமை என்று திட்டினேன். நானும் அழுதேன்.

நான் வீடு வருவதற்குள் அத்தை போனில் அப்பாவுக்கு ஒப்பித்துவிட்டாள். பேட்டியோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் ஆரம்பித்தார்.

“அவன் பயந்தது நெஞ்சு வலிக்கு. நான் பயந்தது வேற. எனக்கு நாப்பத்திரண்டு வந்தப்ப, நானும் ஒருநாள் எங்கப்பா மாதிரி எந்திரிச்சிப் போயிருவனோன்னு பயம். பால் வாங்கப் போனாக்கூட, திரும்பி வருவனான்னு எனக்கே தெரியல. ஒங்கம்மைகிட்ட மட்டும் சொன்னேன்.”

“அம்மா என்ன சொன்னா?”

“‘எங்க போனாலும் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போங்க. புள்ள கையப் புடிச்சிக்கிட்டு எவனும் ஓட முடியாது’ன்னா.”

எனக்கு அந்த வருஷம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பத்து வயது. அப்பா எங்கே போனாலும் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். பால் பூத்துக்கு, மாவு மில்லுக்கு, சலூனுக்குக்கூட. அவருக்கு முடி வெட்டி முடியும்வரை நான் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். அப்பாவுக்கு என்மேல்தான் உசிர் என்று தம்பியிடம் இன்றுவரை பீற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் நான் செல்லப்பிள்ளை இல்லை, ஓடாமல் இருக்க மாட்டுக் கழுத்தில் கட்டுகிற கட்டை! “போங்கப்பா” என்று அவர் தோளில் ஒரு அடி வைத்தேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்பா சொன்னதைத் தம்பியிடம் அப்படியே சொன்னேன்.  அடுத்த தடவை டாக்டரிடம் போய், தாத்தா இறந்ததாகத் தெரியவில்லை, காணவில்லை என்றானாம். அதை எங்கே குறிப்பது என்று அந்த மனுஷர் திண்டாடிப் போனாராம்.

பிறந்தநாள் சனிக்கிழமை வந்தது. மத்தியானம் அப்பா சாப்பிட உட்காரும்போது தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது. மலை உச்சி, பின்னால் ஊர் முழுக்கக் கூரைகள். இவன் முகம் வெயிலில் சிவந்து வியர்த்து வழிகிறது. பக்கத்தில் மகள் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறாள். அப்பா போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பெரிசாக்கிப் பார்த்தார்.

“கையப் புடிச்சிருக்கானா?”

“புடிச்சிருக்கான்பா.”

“எறங்கிட்டானா?”

“இப்பத்தானே ஏறியிருக்கான். நீங்க சாப்பிடுங்க, சாம்பார் ஆறுது.”

“ஆறட்டும்” என்று தட்டைத் தள்ளி வைத்தார். நான் கெஞ்சினேன், என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணிப் பார்த்தார், மனுஷர் அசையவில்லை. போனை மேஜைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சாப்பிட்டு எழுந்து, பாத்திரமும் கழுவி முடித்தோம். அதற்குப் பிறகுதான் போன் சிணுங்கியது. தம்பிதான். பல வருஷத்துக்குப் பிறகு அந்த ஒற்றை வார்த்தையைப் போட்டிருந்தான்: ரீச்டு.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் தட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

“வந்துட்டான்லா. சரி, சோத்தப் போடு” என்றார்.